இரண்டாம் பக்கத்தில் வைத்த கட்டுரை

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் தென்காசியில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காப்பி குடித்து முடித்ததும் உங்களில் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "மேடம், எல்லாமே நெட்ல ஃப்ரீயா கெடைக்கு. அப்புறம் நாம எதுக்கு?" மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். முறைத்திருக்க வேண்டாம். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது, நீங்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

குற்றாலம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரியில் நான் நூலகராக இருந்தேன். கொரோனா வந்த முதல் வருஷம் எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அதுவரை பணம் கட்டினால்தான் திறப்போம் என்று பூட்டி வைத்திருந்த பெரிய பெரிய ஆய்விதழ்கள், அந்த நோய் சம்பந்தப்பட்ட கட்டுரைகளை மட்டும் எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தன. இத்தனை வருஷமாக எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரிகள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கடை அது. சீசனில் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்களே, அப்படி நான் ஓடினேன். கிடைத்ததை எல்லாம் இறக்கினேன். இறக்கியதில் பாதியைக்கூடப் படிக்கவில்லை.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் பிள்ளைகள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். வாங்கி அடுக்கலாமா கூடாதா என்று முதல்வர் என்னிடம் கேட்டார். கிருமி காகிதத்தின் மேல் பல நாள் இருக்கும் என்று ஒரு கட்டுரையின் சுருக்கத்தில் பார்த்த ஞாபகம். அதை அப்படியே சொன்னேன். அவர் பயந்த சுபாவம். அன்று மத்தியானமே ஆட்கள் வந்து, திரும்பி வந்த புத்தகங்கள் மேல் மட்டுமல்ல, வேதியியல் அலமாரி முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் நூலக உதவியாளர் இசக்கியம்மாள் மறுநாள் அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெயிலில் பரப்பி வைத்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அட்டை கழன்று தனியாக வந்தது. "மேடம், கிருமி போச்சோ என்னமோ, புஸ்தகம் போயிட்டு" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்தேன். சோதனைக்கூடத்தில், மூடிய அறையில், ஏராளமான கிருமியைக் கொண்டுபோய்க் காகிதத்தின் மேல் விட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஆலங்குளத்திலிருந்து ஒரு பிள்ளை பையில் வைத்துக் கொண்டுவந்த புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எழுதியவர்கள் ஒளிக்கவும் இல்லை. எந்த நிலைமையில் சோதித்தோம் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். நான்தான் அந்தப் பக்கம் வரை போகவில்லை. புத்தகங்களைச் சில நாள் சும்மா தனியே வைத்திருந்தாலே போதும் என்று அப்போதே பல நூலகங்களில் செய்துகொண்டிருந்தார்கள். அதையும் நான் தேடவில்லை.

இலவசமாகக் கிடைத்ததாலேயே அது நம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். படித்தால்தான் வரும். அதுவும் எல்லாப் பக்கமும் படித்தால்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டாவது அலை. ஊரே அடங்கிக் கிடந்தது. காலை எட்டு மணி இருக்கும், வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது காஜா. பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரியில் வேதியியல் படித்தவன். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு நேரே நூலகத்துக்கு வருகிற பையன். இப்போது வளைகுடாவில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை. அவனுடைய மனைவி சபீனாவுக்கு மூன்று நாளைக்கு முன்பு தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு மறுநாள் சபீனாவுக்குக் கொரோனா என்று தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கி வேறு அறையில் வைத்துவிட்டார்கள்.

"பவுடர் பாலு குடுக்காங்க மேடம். குடிச்சா வாந்தி எடுக்கான். ரெண்டு நாளா அப்படித்தான். இன்னிக்கி மூணு மணிக்கு ஆம்புலன்ஸ் வச்சு திருநெல்வேலிக்கு அனுப்பப் போறாங்களாம்."

"சபீனா எப்படி இருக்கா?"

"அவளுக்குக் காய்ச்சல்கூட இல்ல மேடம். லேசா தொண்டை வலி. பக்கத்து ரூம்ல பிள்ள அழுவுறது கேக்குங்கா. பாலு கட்டிப்போயி அழுதுக்கிட்டுக் கெடக்கா."

அந்த வாரம் திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிகள் எப்படி நிரம்பி வழிந்தன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்று நாள் பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. விமானம் இல்லாததால் காஜாவால் வரவும் முடியாது. வந்தாலும் என்ன செய்துவிட முடியும்.

"தாய்ப்பாலு குடுக்கலாம்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். குடுக்கவே கூடாதுன்னு இன்னொருத்தன் போட்டிருக்கான். எதச் சொல்லி டாக்டரம்மாட்ட கேக்கன்னு தெரியல. வாட்ஸ்அப்புல வர்றதெல்லாம் எங்கிட்ட காட்டாதீங்கன்னுட்டாங்க. நீங்கதான் மேடம் தேடித் தரணும்."

"நான் டாக்டர் இல்லப்பா காஜா."

"டாக்டரு இருக்காங்க மேடம். அவங்களுக்குப் படிக்க நேரமில்ல."

அவன் இதைச் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. நம் வேலை என்ன என்று நமக்கே ஒருவர் எடுத்துச் சொல்லும்போது எப்படி மறுப்பது.

உடனே கணினியைத் திறக்கவில்லை. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்தது காஜாவின் தங்கை ரஹ்மத். அவளை அழைத்தேன். டாக்டரம்மா சரியாக என்ன சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார் என்று கேட்டேன்.

"பாலு வழியா பிள்ளைக்கு வந்துட்டா யாரு பதில் சொல்லுவான்னு கேட்டாங்க மேடம். பெறவு, மூச்சுக்காத்துல வந்திரும்னு சொன்னாங்க. சபீனா மைனி இருக்க ரூம்ல ஒத்தக் கட்டிலுதான், தள்ளி வைக்க எடமில்லன்னாங்க."

காஜா என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. டாக்டரம்மாவின் மனதில் இருந்ததோ வேறு. பாலில் நோய் போகுமா, பக்கத்தில் படுத்தால் போகுமா, போகும் என்றால் எந்த ஜாக்கிரதையில் குறையும், பிரித்து வைத்தால் பிள்ளைக்கு என்ன நஷ்டம். இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கேட்பவர் சொல்கிற கேள்வியோடு தேடப் போனால் பாதி நேரம் வீண். முடிவெடுக்கப் போகிறவரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மேற்கே மலையை மேகம் மூடிக் கிடந்தது. எங்கே தேடினேன், எப்படித் தேடினேன் என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். பத்து மணிக்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தாய்க்கு நோய் இருந்தாலும், முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையைக் கூடவே வைத்துப் பால் கொடுக்கலாம் என்று சர்வதேச சுகாதார நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல். அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி இன்னும் இரண்டு கட்டுரைகள். எல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காஜாவுக்கு அனுப்புவதற்காக மடமடவென்று அடித்தேன். அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தபோது, வெயிலில் காய்ந்த வேதியியல் புத்தகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. விரலை எடுத்துவிட்டேன்.

எனக்கு எது கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ, அதுதான் கிடைத்திருந்தது. ஆசைப்பட்டுத் தேடினால் ஆசைப்பட்டதுதான் முதலில் வரும். இப்போது டாக்டரம்மாவின் பக்கம் நின்று, பிரிப்பதுதான் சரி என்று சொல்கிற கட்டுரைகளைத் தேட ஆரம்பித்தேன்.

அவையும் இருந்தன. நோய் வந்த புதிதில் எழுதியவை. தாயையும் பிள்ளையையும் சில நாள் தனித்தனியே வைப்பது நல்லது என்று அவற்றில் இருந்தது. ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடிய தாய்மார்களை வைத்து, என்ன ஏது என்று தெரியாத பயத்தில் சொல்லப்பட்டவை. அது பரவாயில்லை. இன்னொன்று இருந்தது. தாய்ப்பாலில் கிருமியின் தடயம் தென்பட்டதாகச் சொன்னது. அது மட்டும் டாக்டரம்மாவின் கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

சரியாக அந்த நேரம் காஜா மறுபடி அழைத்தான்.

"கெடைச்சிட்டா மேடம்?"

"கெடைச்சிருக்குப்பா. ரெண்டு பக்கமும் கெடைச்சிருக்கு." தடயத்தைப் பற்றியும் சொன்னேன்.

"நமக்கு வேண்டியத மட்டும் குடுங்க மேடம். அத ஏன் காட்டணும்" என்றான்.

"அது சரியில்ல காஜா."

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா மேடம்?"

அவன் குரல் உடைந்திருந்தது. என்னோடு அதுவரை அப்படிப் பேசியவனில்லை. என் மகளுடைய பிள்ளை அந்த அறையில் கிடப்பதாக நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்த பிறகுதான் சொன்னேன். "என் பிள்ளைன்னாலும் ரெண்டையும்தான் குடுப்பேன். ஒண்ண மறைச்சு, நாளைக்கு அது அவங்க கண்ணுல பட்டா, மிச்சம் நாம குடுத்த எதையும் அவங்க நம்ப மாட்டாங்க. அதவிட, அது நெசமாவே ஆபத்தா இருந்துட்டா? அது உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மணி பத்தேமுக்கால். தடயம் என்றால் உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் மிச்சமா? எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தகுதியில்லை. தகுதி உள்ளவர்கள் யாராவது சொல்லியிருக்க வேண்டும். தேடியதில், அதுவரை வந்த கட்டுரைகளை எல்லாம் சேர்த்து அலசியிருந்த ஒன்று அகப்பட்டது. சுருக்கத்தைப் பார்த்தால் என் கேள்வியைத்தான் பேசுகிறது. ஆனால் எல்லாம் திறந்து கிடந்த அந்தக் காலத்தில், அது ஒன்று மட்டும் பூட்டிக் கிடந்தது. எழுதியவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதி போட்டிருப்பாரா என்று பார்த்தேன். இல்லை.

கீழே அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. நாலே வரி எழுதினேன். நான் தென்னிந்தியாவில் ஒரு சின்ன ஊரில் நூலகர். மூன்று நாள் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்று மாலைக்குள் ஒரு மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா.

அவர் எந்த ஊரில், அங்கே அப்போது மணி எத்தனை, எதுவும் தெரியாது. பதில் வராது என்றே நினைத்து மற்ற வேலையைப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்தில் வந்தது. கட்டுரை முழுதாக இணைக்கப்பட்டிருந்தது. மேலே இரண்டே வரி. உங்கள் மருத்துவருக்குத் தாராளமாகக் கொடுங்கள், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். முன்பின் தெரியாதவர். தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த இரண்டு வரியை மூன்று தடவை படித்தேன்.

இன்றுவரை உங்களைப் போன்றவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்கள், தாங்கள் எழுதியது யாருக்காவது உதவாதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஏன் வேண்டும் என்பதை மட்டும் உள்ளபடி எழுதுங்கள்.

தடயம் பற்றிய அந்தக் கட்டுரையையும் எடுத்து வைத்துத்தான் அவர்கள் அலசியிருந்தார்கள். தென்பட்டது தொற்றக்கூடிய உயிருள்ள கிருமி என்று காட்ட ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றும், எது எது இன்னும் தெரியாது என்றும் எழுதியிருந்தார்கள். அந்தத் 'தெரியாது' எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் தெரியும் என்று சொல்வதை நம்பலாம்.

மூன்று பக்கமாகக் குறிப்பு எழுதினேன். முதல் பக்கத்தில், சேர்த்து வைக்கலாம் என்று சொல்பவை. இரண்டாம் பக்கத்தில், வேண்டாம் என்று சொல்பவை, தடயக் கட்டுரையும் சேர்த்து. மூன்றாம் பக்கத்தில், அலசல் என்ன சொல்கிறது, எது இன்னும் தெரியாது. ஒவ்வொன்றும் எப்போது எழுதப்பட்டது, எத்தனை தாய்மாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைப் பக்கத்திலேயே குறித்தேன்.

வாட்ஸ்அப்பில் காட்டினால் டாக்டரம்மா பார்க்க மாட்டார். தாளாகக் கொடுக்க வேண்டும். ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்கவில்லை. இசக்கியம்மாளுக்குப் போன் போட்டேன். அவள் வீடு கல்லூரிக்குப் பின்பக்கம்தான், சாவி அவளிடம் இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குற்றாலம் ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள்.

"எங்க போறீங்கம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"லைப்ரரிக்கு."

"இப்பமா?"

"ஒரு பச்சப்பிள்ளைக்குப் பாலு குடுக்கணும். அதுக்குக் காகிதம் எடுக்கணும்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்திவிட்டார்.

பல மாதமாகத் தொடாத பிரிண்டர். எழுத்து மங்கலாக விழுந்தது. இசக்கியம்மாள் மை டப்பாவைக் கழற்றி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி மறுபடி மாட்டினாள். "இப்பம் அடிங்க" என்றாள். பளிச்சென்று வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. ரஹ்மத் வராந்தாக் கோடியில் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். எட்ட நின்றுதான் பார்த்தேன். அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் கோணிக்கொண்டு இருந்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகக்கவசத்தின் நாடா காதுக்குப் பின்னால் புண் பண்ணியிருந்தது. அவர் எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லையோ. இந்த மாதிரிக் கதைகளில் டாக்டரைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டிவிடுவது சுலபம். அவர் அப்படி இல்லை. அந்த வாரம் அவர் பார்த்தவற்றைப் பார்த்திருந்தால் நானும் பிரித்துத்தான் வைத்திருப்பேன்.

"நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல மேடம். லைப்ரேரியன். இந்தப் பையனோட அப்பா எங்க காலேஜ்ல படிச்சவன். இதப் படிச்சுப் பாக்கணும்."

வாங்கினார். முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார். முகம் மாறவில்லை.

"நான் செஞ்சதுக்கு எதிரா இருக்கறதாப் பாத்துப் பொறுக்கிக் கொண்டாந்திருக்கீங்களாக்கும்."

"உங்க பக்கம் உள்ளது ரெண்டாவது பக்கத்துல இருக்கு மேடம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். தடயம் பற்றிய வரிக்கு வந்ததும் அவருடைய விரல் அங்கேயே நின்றது.

"இத நான் இதுவரைக்கும் பாக்கலையே. இத ஏன் வச்சீங்க? இது உங்களுக்குத்தானே எடஞ்சலு."

"நீங்க பாக்கணும்னுதான் வச்சேன். அதுக்குப் பதில் மாதிரி ஒண்ணு மூணாவது பக்கத்துல இருக்கு. முழுக் கட்டுரையும் பின்னால வச்சிருக்கேன். எழுதினவரே அனுப்பினது."

மூன்றாம் பக்கத்தைப் படித்தார். பின்னால் இருந்த கட்டுரையைப் புரட்டி, நான் காட்டாத ஒரு பகுதியைத் தானே தேடிப் படித்தார். சுவர்க்கடிகாரம் இரண்டைத் தாண்டியது. ரஹ்மத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன நெனைக்கீங்க?" என்று திடீரென்று கேட்டார் டாக்டரம்மா.

அந்த ஒரு நிமிஷம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான நிமிஷம். 'குடுக்கலாம் மேடம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் சொன்னால் அவர் கேட்டிருக்கவும் கூடும்.

"நான் தேடுறவ மேடம். தேடினதுல எதையும் விடல, அத மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும். பிள்ளையப் பாத்திருக்கது நீங்க."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டார். பிறகு எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். "ஆம்புலன்ஸுக்கு வேண்டாம்னு சொல்லிரு. சபீனா ரூம்ல ரெண்டு ஜன்னலையும் தொறந்து வை. புது மாஸ்க் குடு. சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லி, நீ பக்கத்துல நின்னு பாரு. பெறவு பிள்ளையக் கொண்டு போ. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

ரஹ்மத் பிள்ளையை நர்ஸ் கையில் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவிலேயே நின்றோம். உள்ளே போக எங்களுக்கு அனுமதியில்லை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டது. ஈனமான அழுகை. கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொடக்கூடாது என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் மறந்து போயிற்று.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "குடிக்கான்" என்றாள்.

காஜாவுக்கு ரஹ்மத் வீடியோவில் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அப்புறம் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். "காலையில பேசுனத மன்னிச்சிருங்க மேடம்" என்றான். மன்னிக்க அதில் ஒன்றுமில்லை என்றேன். நிஜமாகவே ஒன்றுமில்லை. அவனுடைய இடத்தில் இருந்தால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். கேட்கிறவர்கள் கேட்கட்டும், கொடுக்கிற நாம் நிதானமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் வாந்தி நின்றது. அடுத்த வாரம் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைக்கு நோய் வரவே இல்லை. கட்டுரை அனுப்பிய அந்த முன்பின் தெரியாத மனிதருக்குப் பிள்ளையின் படத்தை அனுப்பினேன். நோய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருந்தால் மனம் ஒடிந்துபோயிருப்பேன். ஆனாலும் அந்த மூன்று பக்கத்தில் ஒரு வரியைக்கூட மாற்றி எழுத எனக்குத் தோன்றியிருக்காது. இந்த வேலையில் நமக்குக் கிடைக்கிற நிம்மதி அதுதான். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டரம்மாவே அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கர்ப்பிணிகளுக்கு இந்தத் தடுப்பூசி போடலாமா வேண்டாமான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ரெண்டாவது பக்கத்தோட வேணும்" என்றார். அந்த 'ரெண்டாவது பக்கத்தோட' என்ற சொல்லுக்கு ஈடாக என் பணிக்காலத்தில் எனக்கு வேறு பாராட்டு கிடைத்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று போட்ட சால்வை உட்பட.

அதன் பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. அவர் கடையத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் என் எண்ணைக் கொடுத்தார். அவர் வீரகேரளம்புதூரில் இன்னொருவரிடம். நான் ஒருத்தியாகச் சமாளிக்க முடியாமல், பக்கத்துக் கல்லூரிகளில் இருந்த இரண்டு நூலகர்களைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் தேடுவார், ஒருவர் அதற்கு எதிரானதைத் தேடுவார், மூன்றாமவர் இரண்டையும் படித்துத் தெரியாததை எழுதுவார். அந்த முறையை நாங்களாகவே கண்டுபிடித்தோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பூட்டிய நூலகத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசிய காலம் அது. சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தோம்.

மூன்று வாரம் கழித்து, சில தாள்களைக் கொடுப்பதற்காக மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு வாசலில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நோய் உள்ள தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டாம், இன்னின்ன கவனத்தோடு கூடவே வைக்கவும் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. மலைக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஜன்னல் ஓரக் கட்டிலில், முகக்கவசம் போட்ட சின்ன வயசுப் பெண் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையம் பக்கத்துப் பெண், வயல்வேலைக்குப் போகிற குடும்பம், வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, நோய் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். நான் வெளியே நின்று பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"யாரக்கா தேடுதீங்க?" என்றாள்.

"யாரையும் இல்லம்மா. டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் பேப்பர் குடுக்க வந்தேன்."

"இங்கன பேப்பர்லாம் யாரு படிக்கா" என்று சிரித்துவிட்டு, பிள்ளையின் தலையைக் கொஞ்சம் நகர்த்தி வாகாக வைத்துக்கொண்டாள். தாயையும் பிள்ளையையும் அந்தக் கட்டிடத்தில் பிரித்து வைத்தார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.